மலை எந்தக் கைப்பக்கம்?

1

நான் மலையைக் கும்பிடுகிறவனா, இல்லையா என்று முடிவுசெய்வதற்காக ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று போன மாதம் எங்கள் பள்ளி நூலகத்தில் கூடியது. நாற்காலிகள் மொத்தம் ஆறு. ஆறாவது எனக்கு. அதற்கு ஒரு கால் ஆட்டம். அந்த ஆட்டத்தைச் சரிசெய்யச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவனும் நானேதான். அதனால் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஆடிக்கொண்டே பதில் சொன்னதாகக் குறிப்பில் ஏறியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜாம்பியாவின் வடக்கே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து பதினோரு மைல் உள்ளே இருக்கிற மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். காகிதத்தில் 'மிஷனரி ஆசிரியர்'. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நம் திருவண்ணாமலையில் மிஷனரி என்றால் தொப்பி வைத்துக்கொண்டு, தமிழை வெற்றிலை மாதிரி ஓரமாக மென்று பேசுகிற வெள்ளைக்காரர். அடி அண்ணாமலையில் மணிலாக் கொட்டை பிடுங்கியவன் எப்படி மிஷனரி ஆவான்?

இங்கேயும் அதே சந்தேகம்தான். நான் வந்து இறங்கிய அன்று சபையார் ரோட்டோரம் நின்று பாட்டுப் பாடி வரவேற்றார்கள். நான் இறங்கினேன். பாட்டு நிற்கவில்லை. என் தலைக்கு மேலாக பஸ் வாசலையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் என் மனைவி ஜெயசீலி இறங்கினாள், நாலு வயதுப் பெண் பியூலா இறங்கினாள், டிரங்குப் பெட்டி இறங்கியது, கடைசியில் டிரைவரும் இறங்கிவிட்டார். பஸ்ஸில் இனி வெள்ளையாக எதுவும் வராது என்று தெரிந்த பிறகுதான் என் கழுத்தில் மாலை விழுந்தது.

சரி, மலைக்கு வருகிறேன்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. நம் மலைக்குப் பக்கத்தில் வைத்தால் கன்றுக்குட்டி. மூன்று வருஷத்துக்கு முன் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி, தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று சொன்னார். குன்றை ஒரு சுற்று சுற்ற இருபது நிமிஷம். மூன்று சுற்று, ஒரு மணி. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வசதியான குன்று எங்கே கிடைக்கும்? பள்ளி விட்டதும் கிளம்புவேன். முதல் மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைப்பேன். குன்று எப்போதும் என் வலதுகைப் பக்கம் இருக்கும்.

அது எப்போதும் வலதுகைப் பக்கமே இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் கவனித்திருக்கிறார்கள்.

2

எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. மாடு ஓட்டிக்கொண்டு போனாலும், கொட்டை மூட்டையோடு டவுனுக்கு வண்டி கட்டினாலும், மலையைச் சுற்றி வர வேண்டிய நாள் என்றால் மலை சோத்துக்கைப் பக்கம். அவ்வளவுதான். என் அப்பா பௌர்ணமிக்குப் பௌர்ணமி போவார். ஒரு பௌர்ணமி தவறினால் அதை மாட்டின் மேலும் எங்கள் மேலும் காட்டுவார்.

நான் டவுனில் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, அங்கேயே வாத்தியாராகி, இருபத்திரண்டாம் வயதில் ஞானஸ்நானம் வாங்கினேன். 'என் முன்னோரின் அஞ்ஞான வழக்கங்களை விட்டொழிக்கிறேன்' என்று சபை முன்னால் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். வேலைக்காக மாறினான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது நிஜமில்லை. நிஜம் எது என்று கேட்டால் இப்போதும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. ஹாஸ்டலில் டைபாய்டு வந்து கிடந்தபோது ஒரு போதகர் பதினெட்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எந்தச் சாமிக்காக உட்கார்ந்திருந்தாரோ, அந்தச் சாமி எனக்குப் போதும் என்று தோன்றியது.

புதுப் பேரோடு வீட்டுக்குப் போனேன். அப்பா களத்தில் கொட்டை தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"சாமுவேலா? யார்றா அவன்?"

"நான்தாம்பா. சாமுவேல் அண்ணாமலைனு மாத்திக்கினேன்."

"ஓகோ. அண்ணாமலைனு கூப்ட்டா திரும்பிப் பாப்பியா, மாட்டியா?"

"பாப்பேம்பா."

"அப்ப சரி. போயி மாட்டப் புடிச்சிக் கட்டு."

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. என் கல்யாணத்துக்கு வந்தவர் வேதக்கோயிலுக்குள் வரவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்று, பந்தியில் உட்காராமல், கையில் கொடுத்த லட்டைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். பார்க்கிறபோதெல்லாம் ஒரு குத்தல்.

"இன்னா வேதக்காரரே, உங்க சாமி ஒருத்தர்தான்னு ஊரெல்லாம் சொல்றியாமே. எங்களுக்கும் ஒரே மலதான்டா."

ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய அன்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்க மல இருக்குதாடா?"

"தெரிலப்பா."

"இருந்தா சோத்துக்கைப் பக்கமே வச்சிக்க. ஏசு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

3

ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா போய்விட்டார். தந்தி இங்குள்ள ஜில்லாத் தலைநகரில் ஆறு நாள் தூங்கியது. தபால் பை வாரத்துக்கு ஒரு முறைதான் மிஷனுக்கு வரும். அதில் யார் குற்றமும் இல்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காக என் பாஸ்போர்ட் தலைநகருக்குப் போயிருந்தது. அதிலும் யார் குற்றமும் இல்லை. யார் மேலும் குற்றமில்லாமல் ஒரு மகன் தன் தகப்பன் சாவுக்குப் போகாமல் இருக்க முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். மிஷன் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். நல்ல மனுஷர், குளிர் தேசத்துக்காரர். "உங்கள் தகப்பனார் ஆண்டவரை அறிந்திருந்தாரா?" என்று கேட்டார். "கேள்விப்பட்டிருக்கிறார்" என்றேன்.

ஐந்து வாரம் கழித்து என் தம்பி ஏழுமலையின் கடுதாசி வந்தது. அதைச் சர்க்கரை மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். அவன் எழுதுவது பேசுவது மாதிரியே இருக்கும்:

'அண்ணா, மூத்த புள்ள நீ இல்லாததால கொள்ளிக்குடம் நான் தூக்கினேன். நீ வந்திருந்தாலும் வேதக்காரனை வைக்க உட்டிருக்க மாட்டாங்க, ஆனா கூட நடந்திருக்கலாம். மலைக்குச் சுத்தறதுக்கு எதிர்த்தாப்ல, பீச்சாங்கைப் பக்கமா மூணு சுத்து சுத்தச் சொன்னாங்க. எனக்குக் கால் தானா சோத்துக்கைப் பக்கமே போச்சு, வெட்டியான் ரெண்டு வாட்டி புடிச்சித் திருப்பி உட்டான். குடத்தப் பின்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிடணும். நான் திரும்பிப் பாத்துட்டேன் அண்ணா. நீ வரியான்னு. எல்லாரும் திட்டினாங்க.'

அன்றைக்கும் எனக்கு இரண்டு வகுப்பு இருந்தது. பின்னங்கள் நடத்தினேன்.

4

இங்கே வாழ்ந்து பழகிய கதையைச் சொன்னால் நிறையச் சிரிக்கலாம். இந்த ஊர் மொழியில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'பா' சேர்ப்பார்கள், நாம் பின்னால் 'ங்க' போடுவது மாதிரி. புதிதாகக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எதையும் விடவில்லை நான். தலைமையாசிரியருக்கு ஒரு பா, அவருடைய நாய்க்கு ஒரு பா, என் கோழிக்கு ஒரு பா. ஒரு வருஷம் என் வகுப்புப் பிள்ளைகள் என் கோழியைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள்.

பியூலா இந்த மொழியிலேயே வளர்ந்தாள். இப்போது பதினாறு வயது. இங்கிலீஷில் படிக்கிறாள், இந்த ஊர் மொழியில் கோபப்படுகிறாள். தமிழில் பேசச் சொன்னால் முள்ளை எண்ணிக்கொண்டு மீன் தின்கிறவள் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கிறாள். எழுதவே வராது. இன்னும் ஒரு வருஷத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை. அதற்குள் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால், அங்கே அவளை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று எனக்கும் தெரியாது, எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் தங்கும் அனுமதி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். அதற்கு மிஷனிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்: 'இவர் எங்களுக்குத் தேவை'. அந்த வரி இல்லையென்றால் வருஷக் கடைசியில் நாங்கள் பஸ் ஏற வேண்டியதுதான். இந்தத் தடவை கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஐந்து பேர் குழு வந்தது.

புகார் கொடுத்தவர் சபை மூப்பர் முலெங்கா. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்காருகிறவர். விஷயம் தெரிந்ததும் ஜெயசீலி பொங்கிவிட்டாள். அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி, மூன்று தலைமுறை கிறிஸ்தவக் குடும்பம். ஆகவே கோபத்தில் பாதி முலெங்காவுக்கு, மீதி எனக்கு.

"ஏங்க, நடக்கறதுன்னா நேரா நடக்கக் கூடாதா? ரோடே இல்லியா இந்த ஊர்ல?"

"ரோட்டுல பாம்பு ஜாஸ்தி."

"மலையில கம்மியா? எங்கப்பா அப்பவே சொன்னாரு. புதுசா வந்தவங்க வீட்ல குடுத்தா பழசு எங்கனா ஒட்டிக்கினே இருக்கும்னு."

"எங்க ஒட்டிக்கினு இருக்குது?"

"கால்ல!" என்றாள்.

5

நூலகத்தில் முதலில் டாக்டர் பேசினார். நடக்கச் சொன்னது அவர்தானே, அவர் என்னைக் காப்பாற்றிவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

"நடக்கச் சொன்னேன். ஆனால் சர்க்கரைக்காரர், காலில் புண் வரக் கூடாது, ஷூ இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். இவர் வெறுங்காலோடு நடக்கிறார்."

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். "செருப்பை ஏன் கழற்றுகிறீர்கள், மிஸ்டர் அண்ணாமலை?"

"கடிக்கிறது" என்றேன். பத்து வருஷம் பழசான செருப்பு. அது கடிப்பதை விட்டே பல காலமாயிற்று.

பிறகு முலெங்கா எழுந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"அந்தக் குன்று எங்களுடையது. என் தாத்தா மழைக்காக அதன் அடியில் பீர் ஊற்றுவார். என் அப்பாவும் ஊற்றினார். நான் ஞானஸ்நானம் வாங்கியபோது, இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்று போதகர் சொன்னார். நாற்பது வருஷமாக நான் போகவில்லை. என் அப்பாவைப் புதைத்தது அதன் அடிவாரத்தில்தான். அதற்கும் போகவில்லை. இப்போது எங்கள் கிழவர்கள் இரண்டு பேர் வாத்தியாருக்குப் பின்னாலேயே நடக்கிறார்கள். அவர்கள் என்னைக் கேட்கிறார்கள்: கடல் தாண்டி வந்த கிறிஸ்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுகிறான், நீ எதற்காக உன் தகப்பன் குழிக்குக்கூட வராமல் இருந்தாய்? நான் என்ன பதில் சொல்ல? வாத்தியாரே சொல்லட்டும்."

வாத்தியார் நாற்காலியின் ஆட்டத்தைக் காலால் ஊன்றி நிறுத்தினார். வாயைத் திறந்தால் வேடிக்கையாகத்தான் ஏதாவது வரும். இந்த மனுஷரிடம் வேடிக்கை பேச அன்றைக்கு எனக்கு யோக்கியதை போதவில்லை.

அடுத்து பியூலாவைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் நடப்பது தெரிந்தவள் என்பதற்காக. பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள். சிலநாள் அவளும் என்னோடு நடப்பாள்.

"நடக்கும்போது அப்பா ஏதாவது முணுமுணுப்பாரா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"ஆமாம்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன முணுமுணுப்பார்?"

"பதினேழாம் வாய்ப்பாடு. பத்தொன்பதில் தடுமாறுவார்."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"செருப்பைக் கழற்றிய பிறகு?"

"ஒரு நிமிஷம் நின்று மேலே பார்ப்பார். அங்கே யாரோ இருக்கிற மாதிரி."

"உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம், தெரியுமா?"

"அது ஒரு மலை" என்றாள்.

பொய் சொல்லாதே என்று சொல்லித்தான் வளர்த்தோம். தமிழில் ஓர் அட்சரம் எழுத வராத பெண், எனக்கு எதிராக உபயோகப்படக்கூடிய ஒரே தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் சரியான அர்த்தம் தெரிந்து வைத்திருந்தாள்.

கடைசியாகக் கண்காணிப்பாளர், வழக்கை முடித்துவிடுகிற நல்லெண்ணத்தோடு, சுலபமான கேள்வி ஒன்று கேட்டார்.

"உன் அப்பா கிறிஸ்தவர்தானே, பியூலா?"

பியூலா யோசித்தாள். ஆமாம் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டுச் சரிபார்த்துவிடலாம்.

"தெரியவில்லை சார். நான் கேட்டதில்லை."

அவளை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்கள். இப்படிச் சுற்றும்படி உங்களுக்கு யாராவது சொன்னார்களா? உங்கள் குடும்பத்தில்? உங்கள் தகப்பனார்?

ஜன்னல் கம்பியைப் பிடித்த அந்தக் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பக்கத்திலேயே அந்தக் கடிதமும் வந்தது, 'இவர் எங்களுக்குத் தேவை'. பியூலாவின் பரீட்சையும் வந்தது.

"இல்லை. அவர் அப்படியெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை" என்றேன்.

நூலகத்துக்குப் பின்னால்தான் என் கோழிக்கூடு. வேதத்தில் சீஷன் தன் குருவைத் தெரியாது என்றதும் சேவல் கூவும். இங்கே கூவவில்லை. பகல் இரண்டு மணிக்கு எந்தச் சேவல் கூவும்? இருந்தாலும் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

6

தீர்ப்பு இரக்கமுள்ளதாகவே இருந்தது. கண்காணிப்பாளர் ஒரு காகிதம் கொடுத்தார். 'என் பிறந்த ஊரின் அஞ்ஞான வழக்கங்களை விட்டொழிக்கிறேன்.' இருபத்திரண்டு வயதில் ஒரு முறை விட்டொழித்தவன், நாற்பத்தேழில் இன்னொரு முறை விட்டொழித்தேன். கையெழுத்துகூட மாறவில்லை.

நடையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தார். கிழவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முலெங்கா கேட்டார். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வழி கண்டுபிடித்தவர் கண்காணிப்பாளர்தான். அதில் அவருக்கு உண்டான சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஷூ போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமாக நடங்கள், மிஸ்டர் அண்ணாமலை. குன்று உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கட்டும். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, அல்லவா?"

"ஒரு அர்த்தமும் இல்லை சார்" என்றேன்.

மறுவாரமே கடிதம் வந்துவிட்டது. நான் தேவையாம். பியூலா பரீட்சை எழுதலாம். ஜெயசீலி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் கூப்பிடாமலே பியூலாவும் கூட வந்தாள். அந்த நூலகத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு கம்மி. முதல் மரத்தடியில் முலெங்கா நின்றிருந்தார். நான் கீழ்ப்படிகிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குன்று இடதுகைப் பக்கம் வருகிற மாதிரி திரும்பினேன். என் கால் தானாகப் பழைய பக்கமே போயிற்று. பிடித்துத் திருப்பிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் போயிற்று. மறுபடி திருப்பினேன். அப்போதுதான் இதை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று உறைத்தது. மாத்திரை டப்பா. தம்பியின் கடுதாசி.

முதல் சுற்றில் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஓரெட்டு எட்டுகூட வரவில்லை. இரண்டாம் சுற்றில் பியூலா கேட்டாள்.

"டாடி, ஏன் தோள் இப்டி... சாய்ஞ்சு இருக்கு? வலியா?"

தமிழில் கேட்டாள். நான் பார்த்தேன். என் இடது தோள், தண்ணீர்க்குடம் வைத்தவன் தோள் மாதிரி இறங்கியிருந்தது.

"ஆமாம்மா. கொஞ்சம் கனம்" என்றேன்.

மூன்றாம் சுற்று முடிந்தது. அவள் ஷூவில் நுழைந்த கல்லை எடுக்க அங்கேயே குனிந்துவிட்டாள். நான் நிற்காமல் வீட்டுப் பக்கம் நடந்தேன். பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள், முதலில் டாடி என்று, அப்புறம் நான் நிற்காததைப் பார்த்து, எங்கே கற்றுக்கொண்டாளோ, விளையாட்டாக, "அண்ணாமலை!" என்று.

திரும்பிப் பார்ப்பேன் என்று களத்தில் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கழுத்து பாதி தூரம் போய்விட்டது. இழுத்துப் பிடித்து முன்னால் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டில் ஒருத்தனாவது குடத்தைப் போட்டுவிட்டு முறையாகப் போக வேண்டாமா?